வயலின் அழகுக்கு வாடகை யாருக்கு?

போன மாசி மாதம் ஒரு இளைஞர் எங்கள் ஊருக்குக் காரில் வந்து இறங்கினார். எங்கள் பக்கத்தில் ஏடிவி தடம் அமைக்கப் போகிறாராம். கோவையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் சனி, ஞாயிறு வருகிறவர்களை நாலு சக்கர மண்பைக்கில் ஏற்றி, தோப்பு, இட்டேரி, பள்ளம், நெல்வயல் என்று ஒரு சுற்று காட்டுவார்கள். முன்னால் ஒரு வழிகாட்டி போவார். முடிந்ததும் இளநீர், வாழையிலைச் சாப்பாடு. அதற்கு இரண்டு தோப்பும் பள்ளத்துக் கரையோரம் கொஞ்ச நிலமும் குத்தகைக்கு வேண்டும். இட்டேரி பொதுப்பாதை, அதைக் குத்தகைக்கு விட யாருக்கும் உரிமை கிடையாது. அதனால், "அதுல வண்டி போறதுக்கு நீங்க யாரும் ஆட்சேபணை சொல்லாம இருந்தாப் போதுங்க" என்றார்.

மரியாதையான பையன். திட்ட அறிக்கையும் கையில் வைத்திருந்தார். வங்கியில் 34 வருஷம் இதையே படித்துக் கொண்டிருந்தவன் என்பதால் ஊர்க்காரர்கள் அதை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். வரவுப் பக்கம் அழகாக இருந்தது. செலவுப் பக்கத்தில் வண்டி, டயர், பெட்ரோல், சம்பளம், விளம்பரம், காப்பீடு எல்லாம் இருந்தது. மண் மட்டும் இல்லை.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு தகுதியும் இருக்கிறது. அந்த வண்டியை நான் ஓட்டியிருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகன் குடும்பத்தோடு இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குப் போயிருந்தோம். பேரன் பிடிவாதம் பிடித்ததால் உபுத் என்ற ஊருக்கு வடக்கே இரண்டு மணி நேர ஏடிவி பயணம் ஒன்றுக்குப் பதிவு செய்தார்கள். ஆளுக்கு 6 லட்சம் ரூபாய். பயப்படாதீர்கள், அது அவர்கள் ரூபாய். நம் கணக்கில் 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

முதலில் கம்பூட்ஸும் ஹெல்மெட்டும் கொடுத்தார்கள். பிறகு ஒரு படிவம். எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக, நான் ஒருவன்தான் முழுக்கப் படித்தேன். பழக்கதோஷம். கை கால் முறிந்தால், உயிர் போனால், செல்போன் தண்ணீரில் விழுந்தால் யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருந்தது. ஓடுகிற நிலத்துக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று ஒரு வரியும் இல்லை.

வண்டி ஓட்டுவது சுலபம். கியர் கிடையாது, வலது கட்டைவிரலால் ஒரு நெம்பை அழுத்தினால் போகும், விட்டால் நிற்கும். மூங்கில் காட்டுக்குள் நுழைந்தோம். அப்புறம் தென்னையும் வாழையும் கலந்த தோப்பு, அதைத் தாண்டி ஒரு ஓடை. ஓடைக்கல் மேல் வண்டி குதித்துக் குதித்துப் போனபோது, உள்ளதைச் சொல்கிறேன், அறுபது வயசுக்கு மேல் ஆன நான் கூவினேன். என் மனைவி பின்னால் உட்கார்ந்து, "ஏங்க, மெதுவாப் போங்க" என்று முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். நன்றாகத்தான் இருந்தது. மண்ணெல்லாம் முகத்தில் அடிக்க, பசுமைக்கு நடுவில் அப்படிப் போவது யாருக்குத்தான் பிடிக்காது? காசு கொடுத்து வருகிற ஜனங்களை நான் குறை சொல்லப் போவதில்லை.

அடுக்கு வயல் வந்தது. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி நெல் போட்டிருந்தார்கள். பால் பிடிக்கிற பருவம். வயலோரம் நாலடி அகலத் தடம். பதினோரு வண்டி வரிசையாகப் போகிறோம். எதிரே ஒரு பெரியவர் தலையில் புல்லுக்கட்டோடு வந்தார். எங்களைப் பார்த்ததும் ஒதுங்க இடமில்லாமல், தடத்திலிருந்து இறங்கி வயலுக்குள், தன் கதிருக்குள்ளேயே, நின்றுகொண்டார். பதினோரு வண்டியும் கடந்து போகிறவரை நின்றார். பேரன் கை காட்டினான். அவரும் சிரித்துக்கொண்டு கை காட்டினார்.

அதற்கப்புறம் நான் கூவவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் வழிகாட்டிப் பையன் எல்லா வண்டியையும் நிறுத்தச் சொன்னான். போட்டோ எடுக்கத்தான் என்று எல்லாரும் செல்போனைத் தூக்கினார்கள். அவனோ இறங்கி ஓடி, தடத்தோரம் குனிந்தான். சக்கரத் தடம் வரப்பின் அடியைத் தின்று, மேல் வயல் தண்ணீர் கசிந்து கீழே போய்க்கொண்டிருந்தது. ஒரு கை சேற்றை அள்ளி அப்பி, பூட்ஸ் காலால் மிதித்து அடைத்துவிட்டு வந்தான். யாரும் அவனை அதைச் செய்யச் சொல்லவில்லை. அது அவன் வேலையும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவனைப் பிடித்துக்கொண்டேன். அரைகுறை ஆங்கிலம் அவனுக்கு, எனக்கும் அவ்வளவுதான். பெயரைச் சொன்னதும் என் மகன், "நீ நாலாவது பிள்ளையா?" என்று கேட்டான். பாலியில் பெரும்பாலும் பிறந்த வரிசைப்படிதான் பெயர். அப்பாவுக்கு 30 ஏர்ஸ் நெல்வயலாம். நம் பட்டாவில் ஹெக்டேருக்குப் பக்கத்தில் போட்டிருக்குமே, அதே ஏர்ஸ்தான். 74 சென்ட் வரும். தடம் போகிற துண்டு நிலங்களுக்கு மட்டும் நிறுவனம் வருஷக் குத்தகை தருகிறதாம். நாங்கள் நின்று போட்டோ எடுத்த எதிர்ச்சரிவு வயல்காரர்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "அங்கேதான் நாம் போகவில்லையே" என்றான்.

இந்த இடத்தில் பாலிக்காரர்களின் நெல் விவசாயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் இயக்கத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

அங்கே தண்ணீரைப் பங்கிட 'சுபக்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒரு வாய்க்காலில் பாய்கிற விவசாயிகள் எல்லாரும் சேர்ந்த சங்கம். சிலதில் 50 பேர், சிலதில் 400 பேர். அப்படிச் சுமார் 1,200 சங்கங்கள். 9ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. நம் ஊர் நீர்க்கட்டி போல அதற்கு ஒரு தலைவர் உண்டு, பெகாசே என்பார்கள். ஆனால் அவர் மடை திறந்து மூடுகிறவர் மட்டுமல்ல. எப்போது நாற்று விடுவது, எப்போது வயலைச் சும்மா போடுவது என்று கூட்டம் போட்டு முடிவு செய்து நடத்துகிறவர். ஒவ்வொரு மடைக்கும் ஒரு கோயில், அதற்கு மேல் ஒரு கோயில், எல்லாவற்றுக்கும் மேலே பாதூர் மலை ஏரிக் கோயில்.

1970களில் பசுமைப் புரட்சிக்காரர்கள் வந்தார்கள். புது நெல், யூரியா, பூச்சிமருந்து, எல்லாம் கடனோடு ஒரே பொட்டலமாக. கூட்டத்துக்குக் காத்திருக்காதே, கோயில் நாளைப் பார்க்காதே, அவரவர் வசதிப்படி வருஷம் பூரா நடு என்றார்கள். நட்டார்கள். கொஞ்ச காலத்தில் புகையான் வந்து அள்ளிக்கொண்டு போனது. தண்ணீர்ச் சண்டையும் சேர்ந்து வந்தது. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் புதிதாக மதகும் அணையும் வேறு கட்டினார்கள். பழைய முறையின் அருமை தெரியாமல் செய்துவிட்டோம் என்று பின்னாளில் அந்த வங்கியே மதிப்பீட்டு அறிக்கையில் ஒப்புக்கொண்டது. வங்கிக்காரன் தப்பை ஒப்புக்கொள்வது எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும். என் கையெழுத்தில் கடன் வாங்கிப் போட்ட ஆழ்குழாய்க் கிணறுகள் எத்தனை வறண்டு கிடக்கின்றன என்று நான் எங்கேயும் அறிக்கை கொடுத்ததில்லை.

ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க மானுடவியலாளர் இதை வருஷக்கணக்காக அங்கேயே இருந்து ஆராய்ந்தார். மேல்மடைக்காரர் கீழ்மடைக்காரருக்கு ஏன் தண்ணீர் விட வேண்டும் என்பதுதான் கேள்வி. நம் ஊரில் விடுவதில்லையே! அங்கே விடுகிறார், பூச்சிக்குப் பயந்து. கீழ்மடையில் முன்னே பின்னே நடவு நடந்தால் அங்கே பெருகுகிற புகையான் மேல்மடைக்கும் வரும். எல்லாரும் ஒரே சமயத்தில் அறுத்து, ஒரே சமயத்தில் வயலில் தண்ணீர் கட்டிச் சும்மா போட்டால், தின்ன ஒன்றும் இல்லாமல் பூச்சி சாகும். அதனால் கீழே இருப்பவன் தன்னோடு சேர்ந்து நட வேண்டுமே என்று மேலே இருப்பவன் தண்ணீரை விடுகிறான். லான்சிங்கும் இன்னொரு விஞ்ஞானியும் இதைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது, கோயில் கணக்குப்படி நடுகிற முறைதான் நல்ல விளைச்சல் காட்டியது.

இந்தோனேசிய அரசும் 1986ல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. 1989ல் உழவர் வயல்வெளிப் பள்ளி தொடங்கியதும் அந்த நாட்டில்தான். நம் வயலில் உட்கார்ந்து நன்மை செய்யும் பூச்சி எது, தீமை செய்யும் பூச்சி எது என்று எண்ணக் கற்றுக்கொண்டோமே, அந்தப் பாடம் கிளம்பிய இடம். நமக்கு அவர்கள் ஒரு வகையில் வாத்தியார்கள்.

2012ல் இந்த சுபக் வயல்கள் சிலவற்றை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதாவது, நாங்கள் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுத்தோமே, அந்த மாதிரி அடுக்கு வயல்களின் அழகு இயற்கையாக வந்தது இல்லை. மலை அப்படிப் பிறக்கவில்லை. யாரோ வெட்டினார்கள், வரப்புப் போட்டார்கள், பாறையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள், கூட்டம் போட்டு ஒரே நாளில் நாற்று விட்டார்கள். ஒரே பச்சையாகத் தெரிகிறது என்றால், ஒரே சமயத்தில் நட்டதால் தெரிகிறது. அந்தப் பச்சையைத்தான் ஆளுக்கு 3,000 ரூபாய் என்று விற்கிறார்கள். விற்கிறவர் நட்டவர் இல்லை.

அந்த ஊர் விவசாயிகளுக்கு இது தெரியாமல் இல்லை. உபுத் பக்கத்திலேயே தெகலாலாங் என்று ஒரு பெயர் பெற்ற அடுக்கு வயல். எதிரே கடைகளும் காபி கிளப்புகளும் கட்டி, காட்சியை விற்றுப் பிழைத்தார்கள். வயல்காரர்களுக்குச் சரியான பங்கு போகவில்லை. ஒரு சமயம் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வயலுக்கு நடுவே தகரத்தை நட்டு வைத்தார்கள். வெயில் பட்டுத் தகரம் கண்ணைக் கூச வைக்கும், போட்டோ கெட்டுப் போகும். பேச்சுவார்த்தைக்கு வந்தாக வேண்டும்.

இந்தத் தகரத்தை நினைத்தால் எனக்கு இப்பவும் சிரிப்பு வரும், கூடவே ஒரு யோசனையும் வரும். தகரம் நட அவர்களால் எப்படி முடிந்தது? வயல் அவர்கள் கையில் இருந்தது. நிலத்தையும் தடத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டவனுக்குத் தகரம் நட இடம் ஏது?

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கம் சினிமாக்காரர்கள் வந்துவந்து பழகிப்போன ஊர். ஒரு பாட்டுக்கு இரண்டு நாள் தோப்பில் ஆடிவிட்டுப் போவார்கள், வாடகை கொடுப்பார்கள், மண் அப்படியே இருக்கும். அதே மாதிரிதான் இதுவும் என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். அது அல்ல இது. ஏடிவி விற்பவர்கள் சொல்வார்கள்: பலூன் டயர், காற்றழுத்தம் ரொம்பக் குறைவு, மனுஷன் கால் அழுத்துகிற அளவுகூட மண்ணை அழுத்தாது என்று. வண்டி நின்றால் அது சரி. ஆனால் காசு கொடுத்து ஏறியவன் நிற்பதற்கா வந்தான்? சேற்றில் சக்கரத்தைச் சுழல விடத்தான் வந்தான். சுழல்கிற சக்கரம் மேல்மண்ணைச் சீவி எறியும். ஈரமாக இருக்கும்போது மண் இறுகுவதற்கு முதல் சில ஓட்டமே போதும், பிறகு நூறு தடவை ஓட்டினாலும் அதற்கு மேல் பெரிதாக இறுக அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது. அடுத்த மழையில் அந்தத் தடமே வாரியாகிவிடும். நெல்வயலோ வேறு மாதிரி. சேற்றுக்கு அடியில் தலைமுறை தலைமுறையாக உழுது இறுகிய தளம் ஒன்று இருப்பதால்தான் தண்ணீர் நிற்கிறது. வரப்போரம் அது உடைந்தால் வயல் ஓட்டைச் சட்டிதான்.

இட்டேரிக்கு வருவோம். இரண்டு பக்கமும் கிளுவை, அதன் மேல் பிரண்டையும் கோவையும் முசுமுசுக்கையும் படர்ந்து கிடக்கிறது. ஓணான், கீரி, கௌதாரி, செம்போத்து, ஆந்தை, சாரைப்பாம்பு எல்லாம் அதில்தான் குடியிருக்கின்றன. குளவியும் பொறிவண்டும் அங்கிருந்துதான் என் வயலுக்கு வருகின்றன. எட்டு வருஷமாக நான் ஒரு சொட்டு விஷம் அடிக்கவில்லை என்று பெருமை பேசுகிறேன். அதில் பாதிப் பெருமை அந்த வேலிக்குச் சேர வேண்டியது. வாரக் கடைசியில் இருபது வண்டி அதில் புழுதி கிளப்பிக்கொண்டு போனால் என்ன ஆகும்? புழுதி படிந்த இலையில் சிலந்திப்பேன் பெருகும், அதைத் தின்கிற பூச்சிகளுக்கு வேலை ஓடாது. மண்ரோட்டோரத் தோட்டக்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

வங்கியில் ஒன்று பார்த்திருக்கிறேன். மாட்டுக் கடன் வாங்கியவர் தவணை தவறாமல் கட்டுவார். கணக்கு சுத்தமாக இருக்கும். ஆய்வுக்கு வீட்டுக்குப் போனால் கொட்டில் காலியாக இருக்கும். மாட்டை விற்றுத்தான் தவணை கட்டியிருப்பார். இந்த ஏடிவி திட்ட அறிக்கையும் அந்தப் பாஸ்புக் மாதிரிதான் எனக்குப் பட்டது.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது பக்கத்துத் தோப்புக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தோப்பைத்தான் அந்த இளைஞர் முதலில் கேட்டது. நாலு ஏக்கரில் பாதி மரம் வேர் வாடல் நோயில் போய்விட்டது. வெட்டி விறகுக்குப் போட்டது போக மிச்சமும் காய்ப்பு விழுந்து நிற்கிறது. ஏக்கருக்கு வருஷம் 75,000 ரூபாய் முன்பணமாகத் தருகிறேன் என்கிறார்கள். அவர் சொன்னார்: "சார், நீங்க சொல்றது எல்லாம் நெசந்தானுங்க. உங்களுக்கு மாசம் பொறந்தா பென்ஷன் வருது. எனக்கு எது வருதுங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரி தூக்கமும் வரவில்லை.

நம் பத்திரிகையில் எழுதுகிறவர்கள், என்னையும் சேர்த்துத்தான், 'வேண்டாம்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த 'வேண்டாம்' என்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அதை யாராவது ஒருவர் தனியாகக் கட்டுகிறார். இங்கே அது என் பக்கத்துத் தோப்புக்காரர். வேலியின் பலனும் பள்ளத்துத் தண்ணீரும் எங்கள் ஒன்பது குடும்பத்துக்கும் பொது. நஷ்டம் மட்டும் அவருக்கா?

அதனால் நான் இப்போது சொல்வது இதுதான். வருகிறவர்களை வர வேண்டாம் என்று சொல்ல நமக்கு எந்த நியாயமும் இல்லை. அவர்கள் பச்சையைப் பார்க்க ஏங்குகிறவர்கள், நம் அரிசியை வாங்கப் போகிறவர்களும் அவர்கள்தான். ஆனால் தடத்தை நாம் போட வேண்டும், தனித்தனியாக அல்ல, ஒரு வாய்க்காலில் பாய்கிறவர்கள் சேர்ந்து. மோட்டார் ஊர் ரோட்டோடு நிற்கட்டும். அதற்கப்புறம் நடை, முடியாதவர்களுக்கு மாட்டு வண்டி. எங்கள் ஊரில் இன்னும் இரண்டு ஜோடி காளை இருக்கிறது. நடந்து போனால்தான் கௌதாரி கண்ணில் படும், வண்டிச் சத்தத்தில் அது எங்கே நிற்கும்? பாலியில் அந்த இரண்டு மணி நேரத்தில் நான் ஒரு பறவைச் சத்தம்கூடக் கேட்கவில்லை என்று ஊருக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

நடைக்கு 3,000 ரூபாய் யாரும் தர மாட்டார்கள். 500 தருவார்கள், சாப்பாட்டோடு. வருகிற பணத்தை, தடம் யார் நிலத்தில் போகிறது என்று பார்த்துப் பிரிக்கக் கூடாது. பார்க்கிற காட்சிக்கு யார் யார் பாடுபட்டிருக்கிறார்கள் என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். எதிர்வயல்காரருக்கும் பங்கு உண்டு. நோயில் மரம் போனவருக்கு முதல் மூன்று வருஷம் கூடுதல் பங்கு, அவர் ஊடுபயிராக ஜாதிக்காயோ கோகோவோ வைத்துத் தலையெடுக்கிற வரைக்கும். அந்த மூன்று வருஷம் என் பங்கு எனக்கு வேண்டாம். தியாகமெல்லாம் இல்லை, அவர் சொன்னாரே பென்ஷன், அதுதான் காரணம்.

இது 75,000 ஆகுமா? ஆகாது. முதல் வருஷம் பாதிகூட வராது என்றுதான் என் கணக்கு சொல்கிறது. அதை மறைக்காமல் அவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, "வாயில சொன்னா ஆகாதுங்க சார், எழுதிக் கொண்டாங்க, பாக்கலாம்" என்றார்.

எழுதிக்கொண்டிருக்கிறேன். செலவுப் பக்கத்தில் இந்தத் தடவை முதல் வரியே வேலியும் வரப்பும் பராமரிக்கிற கூலிதான். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயில் திண்ணையில் ஒன்பது குடும்பமும் கூடுகிறோம். அந்த இளைஞரையும் வரச் சொல்லியிருக்கிறேன், காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு இட்டேரி வழியாக நடந்து வரும்படி.